ஐந்தாவது மூலை

பதினோராவது பெஞ்சு நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. முன்பக்கம் பிடித்திருந்த ஆயா பின்னால் நடந்தபடியே வாசலைத் தாண்டிவிட்டாள். பின்பக்கம் பிடித்திருந்த இரண்டாம் வகுப்பு டீச்சர் இன்னும் அறைக்குள்ளேயே நின்றாள். பெஞ்சின் கால் ஒன்று கதவுக் கீலில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. டீச்சர் முழங்காலைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். பலகைக்கு அடியில் யாரோ ஒட்டிவைத்திருந்த ஒன்று, சூயிங்கமோ மூக்குச்சளியோ, அவள் விரலில் பிசுபிசுத்தது. "சீ" என்று விரலைச் சுவரில் தேய்த்துவிட்டு மறுபடியும் பிடித்தாள்.

வராந்தாவில் நாற்பத்தொரு பிள்ளைகள் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெஞ்சு வெளியே வரும்போதும் அதில் உட்காருகிறவர்கள், "எங்க பெஞ்சு, எங்க பெஞ்சு" என்று கத்தினார்கள். பெஞ்சுகள் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. அங்கே தரை எப்போதும் ஈரம். என்ன ஈரம், எங்கிருந்து கசிகிறது என்று யாரும் கேட்பதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டே திரும்பிவிடுவார்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல டீச்சரம்மா," என்றாள் ஆயா, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து. "ரூமுக்கு நாலு மூலதானே? அஞ்சாவது மூலைக்கு எங்க போறது?"

"நடுவுல வைக்கணுமாம். பெரிய மேடம் சொல்லிட்டாங்க."

"நடு எப்படிம்மா மூலையாகும்?"

"சர்க்குலர்ல அஞ்சுன்னு போட்டிருக்கு ஆயாம்மா. அஞ்சு இருக்கணும்."

"சரி, அஞ்சு இருக்கட்டும். புள்ளைங்க எங்க இருக்கும்?"

டீச்சர் வராந்தாவைப் பார்த்தாள். ஆயாவும் பார்த்தாள். "நல்லா இருக்குது போ" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆயா பன்னிரண்டாவது பெஞ்சுக்குப் போனாள்.

சுற்றறிக்கை வெள்ளிக்கிழமை வந்திருந்தது. எல்லாப் பள்ளிகளிலும் ஒரு வகுப்பிலாவது கற்றல் மூலைகள் ஐந்து இருக்க வேண்டும். வாசிப்பு, எண், அளவை, கதை, அறிவியல். வரும் வியாழக்கிழமை மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பார். இரண்டாம் வகுப்பு கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதிகாரி அதிகம் நடக்க வேண்டியிருக்காது, வழியில் கழிப்பறையும் வராது. அதனால் பெரிய மேடம் அதையே தேர்ந்தெடுத்தார்.

கற்றல் மூலை என்பது டீச்சருக்குப் புதிதல்ல. பள்ளி திறந்ததிலிருந்தே அவள் வகுப்பில் அது இருந்தது, அந்தப் பெயர்தான் இல்லை. ஜன்னலோரம் செருப்புப் பெட்டிகளில் கிழிந்த கதைப்புத்தகங்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் பத்துப் பத்தாகக் கயிற்றில் கோத்த பாட்டில் மூடிகள். அலமாரி ஓரம் பெயிண்ட் டப்பா மூடிகள் இரண்டைக் குச்சியில் கட்டித் தொங்கவிட்ட தராசு. எடைக்கல்லுக்குப் பதில் கூழாங்கற்களும் தீர்ந்துபோன பேட்டரிகளும் ஒரு உடைந்த பூட்டும். கதவுக்குப் பின்னால் பழைய காலுறைகளில் பொத்தான் கண் தைத்த பொம்மைகள். தராசைச் செய்தது அவள் புருஷன். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன், ஏணியிலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு திரும்பாமல் போய் ஏழு மாதமாக வீட்டில் இருந்தான். "ஊருக்கே சுவர் அடிச்சவன இப்படி மூடி பொறுக்க விட்டுட்டியே" என்று கிண்டல் செய்துகொண்டே இடது கையால் மூடிகளில் ஓட்டை போட்டுத் தந்தான்.

முதல் மாதம் வகுப்பு சந்தைக்கடையாகத்தான் இருந்தது. நாற்பத்தொரு பேரும் தராசுக்கே ஓடினார்கள். பூட்டுக்காக ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்தான். பிறகு டீச்சர் நாலு நிறத்தில் நூல் வாங்கி மணிக்கட்டில் கட்டிவிட்டாள். சிவப்பு நூல்காரர்கள் எண் மூலை, மஞ்சள் நூல்காரர்கள் தராசு. அவள் தட்டில் கரண்டியால் தட்டினால் எல்லோரும் கையிலிருப்பதை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டு அடுத்த மூலைக்குப் போக வேண்டும். பத்து எண்ணுவதற்குள். அந்தப் பத்தைப் பிள்ளைகளே கத்தி எண்ணினார்கள். மூன்றாவது மாதத்தில் புத்தகத்தில் இருபதைத் தாண்டாதவர்கள் மூடிகளில் நூறைத் தொட்டார்கள்.

எறும்பு என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண் இருந்தாள். வகுப்பிலேயே சின்ன உருவம், எப்போதும் எதையாவது கையில் இடுக்கிக்கொண்டு திரிவாள். பேர் கேட்டால்கூட வாய் திறக்காதவள், ஒரு நாள் தராசுக்கு முன்னால் குந்தியிருந்தபடி, "டீச்சர், பூட்டும் மூணு பேட்டரியும் ஒரே கனம்" என்றாள். அன்றைக்கு டீச்சர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தையே சொல்லிக்கொண்டு போனாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பெரிய மேடம், அதாவது தலைமையாசிரியை, வகுப்புக்கு வந்தார். மூலை மூலையாகப் பார்த்தார். ஒரு காலுறைப் பொம்மையை இரண்டு விரலால் தூக்கி மூக்கருகே கொண்டுபோய்ச் சட்டென்று கீழே போட்டார்.

"இதெல்லாம் எந்தக் குப்பத்தொட்டில பொறுக்கின?"

"வீட்ல கெடந்ததுதான் மேடம். துவைச்சித்தான்..."

"இதப் பாத்தா அந்த ஆளு இங்கயே வாந்தி எடுப்பாரு. எடுத்துட்டு எம்மேல கம்ப்ளைண்ட் எழுதுவாரு. திங்கக்கிழம இது ஒண்ணும் இங்க இருக்கக் கூடாது. ஆபீஸ்ல ஒன்பது பெட்டி இருக்கு, டிபார்ட்மெண்ட் அனுப்பினது. அத எடுத்து அடுக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, டீச்சரின் தோளில் கை வைத்தார். "வயசு என்ன ஆகுது உனக்கு?"

"ரெண்டு மாசத்துல நாப்பது மேடம்."

"நாப்பது தாண்டிட்டா நிரந்தரம் கெடையாதுன்னு உனக்கே தெரியும். ஆறு வருஷமா டெம்பரரியாவே ஓட்டிட்ட. வியாழக்கிழம நல்லபடியா முடியட்டும், அந்த ஆளு ஒரு வரி எழுதினா போதும். உன் ஃபைல அன்னிக்கே கையெழுத்துக்கு வெக்கிறேன். இது உனக்குக் கடைசி வண்டி, விட்டுடாத."

அந்தக் கை தோளிலிருந்து எடுபட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கே இருப்பது போலவே இருந்தது. டீச்சர் தலையாட்டினாள். ஆறு வருடத்தில் தலையாட்டக் கற்றுக்கொண்டிருந்தாள்.

பெஞ்சுகள் முடிந்ததும் பழைய மூலைகள். செருப்புப் பெட்டிகளையும் மூடிக்கயிறுகளையும் தராசையும் பொம்மைகளையும் ஒரு சாக்கில் போட்டு, கழிப்பறைக்குப் பின்னால் குப்பை எரிக்கிற குழிக்குத் தூக்கிப்போனாள். ஆயா கொண்டுபோகிறேன் என்றதைக் கேட்கவில்லை. பிள்ளைகள் வராந்தாவின் கடைசிக்கு ஓடிவந்து நின்றார்கள். பிளாஸ்டிக் மூடிகள் கருகி உருகி ஒன்றோடொன்று ஒட்டின. காலுறைப் பொம்மைகளிலிருந்து மயிர் கருகும் நாற்றம் வந்தது. தராசின் தகர மூடிகள் எரியாமல் கறுத்துக் கிடந்தன. "டீச்சர், யானைய எரிக்கிறீங்க" என்று ஒருவன் கத்தினான். "யானை இல்லடா, அது பூனை" என்றான் இன்னொருவன். இரண்டு பேரும் அதற்காகச் சண்டை போட்டார்கள்.

ஒன்பது பெட்டிகளும் இரண்டு வருடமாக ஆபீஸ் அறையில் கிடந்தவை. மேலே எலிப்புழுக்கை. ஒரு பெட்டியைத் திறந்தபோது எலி மூத்திர வாடை முகத்தில் அடித்தது. ஆனால் உள்ளே இருந்தவை எல்லாம் கண்ணாடி போன்ற கவருக்குள் பத்திரமாக இருந்தன. பளபளக்கும் பிளாஸ்டிக் தராசு, வண்ண வண்ண மணிச்சட்டம், பூதக்கண்ணாடி, கை நுழைக்கும் பஞ்சுப் பொம்மைகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தாள் இருந்தது: பொருள் சேதமடைந்தால் வகுப்பாசிரியரே பொறுப்பு.

"கவரப் பிரிக்காத," என்றார் பெரிய மேடம். "கவரோடயே வை."

"கவரோட எப்படி மேடம் வெளையாடுவாங்க?"

"யாரு வெளையாடச் சொன்னா? மூலை அமைக்கணும்னுதான் எழுதியிருக்கு. அமைச்சாச்சு. சளியும் எச்சியுமா இதுங்க கை வெச்சா ஒரே நாள்ல நாறடிச்சிடும்."

செவ்வாய்க்கிழமை முழுக்க அலங்காரம். மேசைகளுக்குப் பாவாடை போல மடிப்பு வைத்துத் துணி கட்டினார்கள். தெர்மாகோலில் எழுத்து வெட்டினாள் டீச்சர். 'வாசித்து மகிழ்வோம்', 'அளந்து பார்ப்போம்', 'தொட்டு அறிவோம்'. வெட்டிய துகள்கள் அவள் புருவத்திலும் உதட்டிலும் ஒட்டின, ஊத ஊதப் போகவில்லை. அறையின் நடுவில், பெஞ்சுகள் இருந்த இடத்தில், வட்ட மேசை போட்டு அறிவியல் மூலை வந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது அறை. அதில் ஒரு பிள்ளை உட்கார இடமில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை ஒத்திகை. பெரிய மேடமே வந்து நடத்தினார். பிள்ளைகள் வரிசையாக உள்ளே வர வேண்டும். ஐந்து மூலைகளையும் சுற்ற வேண்டும். வரிசையாக வெளியே போக வேண்டும்.

"கை எங்க?"

"பின்னாடி!"

"கண்ணு எங்க?"

"முன்னாடி!"

"தொட்டா?"

"அடி!"

நாற்பத்தொரு குரல் ஒன்றாகச் சொன்னபோது பெரிய மேடத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, சொல்ற விதத்துல சொன்னா புரிஞ்சிக்குதுங்க" என்று டீச்சரிடம் சொன்னார். நாலாவது சுற்று முடிந்ததும், "நீ இன்னும் பத்து சுத்து விடு" என்று கதவுக்கு நகர்ந்தார்.

ஆறாவது சுற்றில் எறும்பு அளவை மூலைக்கு முன்னால் நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் இடித்து நின்றார்கள். அவள் கையில் எப்போதும் போல ஏதோ இருந்தது, ஒரு பென்சில் துண்டு. பிளாஸ்டிக் தராசின் கவரை ஓரத்தில் தூக்கி, அந்தத் துண்டை ஒரு தட்டில் வைத்தாள். தட்டு இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தாள். பெரிய மேடம் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார்.

டீச்சரின் கையில் ஸ்கேல் இருந்தது, தெர்மாகோல் வெட்டிய இரும்பு ஸ்கேல். அதன் பட்டைப் பக்கத்தால் அந்தச் சின்னக் கையின்மேல் அடித்தாள். பலமான அடி. தராசு ஆடி மேசையில் சாய்ந்தது. டீச்சர் முதலில் தராசைத்தான் பிடித்தாள், விரிசல் விட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் எறும்பைப் பார்த்தாள். எறும்பு அழவில்லை. தன் புறங்கையில் சிவப்புக் கோடு ஒன்று தடித்து எழுவதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள்.

"அப்படித்தான்," என்றார் வாசலில் நின்ற பெரிய மேடம். "ஒருத்திக்கு விழுந்தா நாப்பது பேருக்குப் புரியும்."

சாயங்காலம் வீட்டில் டீச்சர் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். புருஷன் இடது கையால் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன டீச்சரு, தோலையே உரிச்சிடுவ போல?"

"எலி வாட போக மாட்டேங்குது."

"நாளைக்கு அந்த ஆபீசர் என் தராச பாத்து என்ன சொல்றாருன்னு வந்து சொல்லு. பேட்டண்ட் வாங்கிடலாம்."

அவள் உட்கார்ந்தாள். "ஏங்க, அத எரிச்சிட்டேன்."

அவன் ஆற்றுவதை நிறுத்தினான். "தகரம் எரியாதே."

"எரியல. மத்ததெல்லாம் எரிஞ்சிடுச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சரி விடு. கண்டதையும் மனசுல போட்டுக்காத. நாளைக்கு ஒரு நாள் பல்லக் கடிச்சிட்டு இருந்துடு. நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் நீ வெச்சதுதான் சட்டம். லாரி நெறைய மூடி பொறுக்கித் தரேன்."

"இன்னைக்கு ஒரு புள்ளைய அடிச்சிட்டேன்," என்றாள்.

"டீச்சருன்னா அடிக்கிறதுதான்."

"நான் அடிச்சதில்ல." தேநீர்த் தம்ளரை அவன் பக்கமே தள்ளினாள். "எனக்கு என்னப் பாத்தாலே அருவருப்பா இருக்குங்க."

அவன் அவள் தலைமுடியில் இருந்த தெர்மாகோல் துகள் ஒன்றை எடுத்துப் போட்டான்.

வியாழக்கிழமை பத்தரைக்கு அதிகாரி வந்தார். பெரிய மேடம் சொன்னது போல வாந்தி எடுக்கிற ஆளாகத் தெரியவில்லை. சட்டைக் காலரில் வியர்வைக் கறை, கையிடுக்கில் ஃபைல்கள், அன்றைக்கு அவர் பார்க்க வேண்டிய நாலு பள்ளிகளில் இது இரண்டாவது. மற்ற அதிகாரிகளைப் போல வாசலில் நின்று தலையாட்டிவிட்டுப் போகவில்லை. உள்ளே வந்து, மேசைப் பாவாடையைத் தூக்கி அடியில்கூடப் பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க," என்றார். "பசங்கள வரச் சொல்லுங்க."

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கை பின்னாடி, கண் முன்னாடி. சத்தமில்லாமல் சுற்றினார்கள். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேண்ட் முட்டியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய மேடம் பதறி நாற்காலிக்கு ஆள் அனுப்பப் போனார். அதிகாரி வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, முன்னால் வந்த பிள்ளையைக் கூப்பிட்டார். அது எறும்பு.

"வாம்மா. இது என்ன சொல்லு?"

எறும்பு தராசைப் பார்த்தாள்.

"இத வெச்சி என்ன பண்ணுவ? எடுத்து எனக்குக் காட்டு பாக்கலாம்."

எறும்பின் கைகள் பின்னால் இன்னும் இறுகின. அதிகாரி தராசைக் கவரிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தார். தன் பேனாவை ஒரு தட்டில் வைத்தார். "எது கனம்? நீ ஒண்ணு வை." எறும்பு ஒரு அடி பின்னால் போனாள். அதிகாரி அடுத்தவனைக் கூப்பிட்டார், அதற்கடுத்தவளையும். யாருடைய கையும் முன்னால் வரவில்லை. கையைக் கட்டப் பழக்கியவர்கள் எப்போது அவிழ்க்கலாம் என்று சொல்லித்தர மறந்துபோயிருந்தார்கள்.

"ஏன்டா கண்ணு, தொட மாட்டியா?"

"தொட்டா அடி," என்றான் பையன். மரியாதையாக, பாடம் ஒப்பிக்கிற ராகத்தில்.

பெரிய மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அது ஒரு நொடிதான். பள்ளிக்கூடம் நடத்தி நரை கண்டவர். சட்டென்று டீச்சர் பக்கம் திரும்பினார். "என்ன டீச்சர் இது? பசங்கள தெனமும் இதுல பழக்குங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே! எத்தன தடவ சொன்னேன்?" அதிகாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணால் ஒரு ஜாடை. பேசாமல் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் இருந்தது அது.

அதிகாரி எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். "நீங்க சொல்லுங்க டீச்சர். இதுங்க இத ஒரு நாளாவது தொட்டிருக்கா?"

அவர் குரலில் கோபம்கூட இல்லை. உண்மையாகவே கேட்டார். டீச்சர் தராசைப் பார்த்தாள். எரிகுழியில் தகரம் கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லலாம். பெட்டிகள் திங்கட்கிழமைதான் பிரிந்தன என்று சொல்லலாம். சொன்னால் ஃபைலைக் கையெழுத்துக்கு வைக்க வேண்டியவர் இதோ பக்கத்தில் நிற்கிறார். சொல்லாவிட்டால் அவர் கைவிட மாட்டார். ஜாடை காட்டியிருக்கிறார் அல்லவா.

"பழக்கிட்டுதான் சார் இருக்கேன்," என்றாள்.

அதிகாரி எறும்பின் பின்னால் போய், கட்டியிருந்த அவள் கைகளைப் பார்த்தார். புறங்கையில் கோடு இன்னும் கொஞ்சம் கன்றிப்போய் இருந்தது. அவர் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். வாழ்க்கையில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. செருப்பில் ஒட்டிய ஒன்றைப் பார்ப்பது போல. பிறகு ஃபைலைத் திறந்து நின்றபடியே எழுதினார்.

பத்து நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பள்ளிக்கு. வகுப்பறை அமைப்பு மிகச் சிறப்பு, மற்ற பள்ளிகளுக்கு மாதிரியாகக் கொள்ளத்தக்கது. இன்னொன்று டீச்சரைப் பற்றி. மூலைகளைப் பயன்படுத்திக் கற்பிக்கும் ஆர்வமோ பயிற்சியோ இவருக்கு இல்லை. பிள்ளைகளை அச்சுறுத்தி வைத்திருக்கிறார். நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்க இயலாது. மாதக் கடைசியோடு விடுவிக்கலாம்.

பெரிய மேடம் முதல் கடிதத்துக்குச் சட்டம் போடச் சொல்லிவிட்டு இரண்டாவதை டீச்சரிடம் நீட்டினார்.

"நான் என்ன பண்ணுவேன் சொல்லு? அவரு எழுதினது. எனக்கும் வயிறு எரியுது."

"நீங்க பாத்துக்கறேன்னு..."

"நான் எப்ப சொன்னேன்? அந்த ஆளு அவ்வளவு நல்லா ஒக்காந்து கேட்டாரு, நீ அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். ஊமையாட்டம் நின்னுட்டு இப்ப எங்கிட்ட வந்தா?"

டீச்சர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது, பேசும்போது ஏறி இறங்கியது. அதிலிருந்து கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை.

"சரி, உக்காரு," என்று மேடம் இறங்கிவந்தார். "ஒண்ணு பண்ணு. மாசக் கடைசில இருவது ஸ்கூல்லேர்ந்து டீச்சருங்க நம்ம ரூமப் பாக்க வராங்க. மூல எப்படி அமைக்கிறது, பசங்கள எப்படிப் பிரிக்கிறதுன்னு விளக்கிச் சொல்லணும். உன்ன விட்டா இங்க யாருக்கும் அது தெரியாது. நீ நல்லா பண்ணிக் குடு, நான் அனுபவச் சான்றிதழ் பிரமாதமா எழுதித் தரேன். வேற எடத்துல வேல கேக்க அது வேணும்ல? என்ன சொல்ற?"

டீச்சர் தலையாட்டினாள்.

மாதக் கடைசி நாள் அறைக்குள் இருபத்திரண்டு டீச்சர்கள் இருந்தார்கள். வாசலில் அவர்கள் கழற்றிவிட்ட செருப்புகள் வராந்தா முழுக்கப் பரவியதில் பிள்ளைகள் தங்கள் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒண்ட வேண்டியிருந்தது. ஒத்திகைக்குப் பிறகு பிள்ளைகள் அறைக்குள் போனது அதிகாரி வந்த ஒரு நாள் மட்டும்தான். விருந்தாளிகளுக்காகக் கவர்கள் எல்லாவற்றையும் மேடம் பிரிக்கச் சொல்லியிருந்தார். "தொட்டுப் பாருங்க, எடுத்துப் பாருங்க, உங்க ரூம் மாதிரி நெனச்சிக்கோங்க" என்று ஒவ்வொருவரையும் உபசரித்தார்.

டீச்சர் நடுமேசை அருகில் நின்று பேசினாள். நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் விடக் கூடாது. நிறத்துக்கு எட்டுப் பேர். மணிக்கட்டில் நூல். தட்டில் கரண்டியால் ஒரு தட்டு, கையிலிருப்பது பெட்டிக்குப் போகணும், பத்து எண்ணுவதை அவர்களையே எண்ண விடணும். முதல் மாதம் குழப்பமாகத்தான் இருக்கும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. பேசப் பேச அவள் குரல் தெளிந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

"சூப்பர்ங்க. இந்த நூல் ஐடியா யாரோடது?" என்று கேட்டாள் இளம் டீச்சர் ஒருத்தி.

"எங்க ஸ்கூலோடது," என்றார் பெரிய மேடம்.

பிறகு, செய்து பார்க்கலாம் என்று அவர்களே ஐந்து குழுவாகப் பிரிந்துகொண்டார்கள். ஒருத்தி பஞ்சுப் பொம்மையைக் கையில் மாட்டி இன்னொருத்தியின் மூக்கைக் கிள்ள, அறை சிரிப்பில் அதிர்ந்தது. தராசில் மோதிரங்களைக் கழற்றி வைத்துப் பந்தயம் கட்டினார்கள். ஒருவர் பூதக்கண்ணாடியால் தன் நகத்தையே பார்த்து, "ஐயோ, எவ்வளவு அழுக்கு" என்றார். யாரோ கரண்டியால் தட்ட, இருபத்திரண்டு பேரும், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்திக்கொண்டு அடுத்த மூலைக்கு ஓடினார்கள்.

அந்தச் சத்தம் கேட்டதும் வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். எட்டாதவர்கள் எட்டுகிறவர்களின் தோளைப் பிடித்துத் தொங்கினார்கள். கம்பிகளுக்கு இடையில் முகம் முகமாக அடைத்துக்கொண்டது. சிலர் வெளியிலிருந்தே சேர்ந்து எண்ணினார்கள்.

போட்டோ எடுக்கக் கைபேசியைத் தூக்கிய மேடம் முகம் சுளித்தார். "வெளிச்சத்த மறைக்குதுங்க பாரு, சனியனுங்க. மூக்க ஒழுகவிட்டுட்டு போட்டோல வேற வந்து நிக்குதுங்க. டீச்சர், அந்த ஜன்னல மூடிடு, லைட்டப் போட்டுக்கலாம்."

டீச்சர் ஜன்னலுக்குப் போனாள். பலகைக் கதவு இரண்டும் வெளிப்பக்கமாகத் திறந்திருந்தன. "தள்ளிக்கோங்க" என்றாள். முகங்கள் கொஞ்சம் பின்னால் போயின. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ஒரு கதவைப் பாதி இழுத்தாள், அது நின்றது. எட்டாத பிள்ளை ஒன்று கீழிருந்து ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லை, எட்டுச் சின்ன விரல்கள் மட்டும் தெரிந்தன. உள்ளே ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் காத்திருந்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக எடுபட்டன. கடைசி விரலும் போன பிறகு இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்துத் தாழ்ப்பாள் போட்டாள்.